தறியில் இழை ஏன் அறுகிறது? பட்டுச் சேலைக்குள் இருக்கும் விஞ்ஞானம்

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் பக்கம் காலை நேரத்தில் நடந்தால் இன்னும் பல வீடுகளிலிருந்து தறிச்சத்தம் கேட்கும். குழித்தறியில் கால் மிதி, கையில் நாடா, எதிரே ஆயிரக்கணக்கான இழைகள் கொண்ட பாவு. சத்தம் திடீரென்று நின்றால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: எங்கோ ஓர் இழை அறுந்துவிட்டது. நெசவாளி குனிந்து, அறுந்த நுனி இரண்டையும் தேடிப் பிடித்து, விரலால் முறுக்கி இணைத்துவிட்டு மறுபடி மிதிக்க வேண்டும். சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு இழை அறும் நேரமெல்லாம் கூலி அறும் நேரம்.

இழை அறுவதற்குக் காரணங்கள் பல உண்டு. முறுக்குச் சரியில்லாமல் போகலாம்; சாயம் காய்ச்சும்போது சூடு அதிகமாகியிருக்கலாம். ஆனால் நல்ல முறுக்கும் நல்ல சாயமும் இருந்தும் நூல் அறுகிறது என்றால், அதன் மூல காரணம் காஞ்சிபுரத்தில் கிடைக்காது. எங்கோ கிருஷ்ணகிரியிலோ, தர்மபுரியிலோ, உடுமலையிலோ, தாளவாடியிலோ ஒரு விவசாயியின் புழு வளர்ப்பு மனையில் இரண்டு நாள் காற்றோட்டம் இல்லாமல் போனதில் அது இருக்கலாம். காஞ்சிபுரம் ஏரிப் பாசன நெல் பூமி. பட்டு நெசவுக்குப் பேர்போன ஊரே தவிர, பட்டு விளையும் ஊர் அன்று. ஆகவே ஒரு சேலையின் கதையைத் தெரிந்துகொள்ள மல்பெரித் தோட்டத்திலிருந்துதான் புறப்பட வேண்டும். வழியில் விஞ்ஞானத்தின் வேடிக்கைகள் பல எதிர்ப்படுகின்றன.

கைத்தடிக்குள் வந்த முட்டை

பட்டு முதலில் சீனாவில் பிறந்தது. அரசி ஒருத்தி அருந்திய சூடான தேநீரில் ஒரு கூடு விழுந்து, அதிலிருந்து இழை பிரிந்து வந்தது என்று சீனர்கள் கதை சொல்வார்கள். கதை எப்படியோ, வெந்நீரில் கூட்டைப் போட்டால் இழை பிரியும் என்ற உண்மை அதற்குள் இருக்கிறது. இந்த ரகசியத்தைச் சீனர்கள் பல நூற்றாண்டுகள் காத்தனர். கி.பி. 6-ஆம் நூற்றாண்டின் நடுவில் துறவிகள் சிலர் பட்டுப்புழு முட்டைகளைக் கான்ஸ்டான்டிநோபிளுக்கு, ஜஸ்டீனியன் சக்கரவர்த்தியிடம், கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். முட்டைகள் கைத்தடியின் துளைக்குள் மறைத்துக் கொண்டுவரப்பட்டன என்று சொல்லுவது வழக்கம். நம் பக்கத்து மைசூர்ச் சீமையில் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பட்டு வளர்ப்பை ஊக்கியவர் திப்பு சுல்தான். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் மல்பெரி வேர் விட்டது அந்த மைசூர்ப் பட்டின் அண்டை வீட்டு உறவால்தான்.

முட்டையில் ஆரம்பிக்கும் வெற்றி

ஆயிரம் முட்டை சேர்ந்தாலும் ஒரு கிராம் எடை வராது. ஒரு தாய் அந்துப்பூச்சி 400 முதல் 500 முட்டை இடும். இதைத்தான் ஒரு முட்டைத் தொகுதி என்று விவசாயி வித்தகத்திலிருந்து வாங்குகிறார். 'நோயற்ற முட்டைத் தொகுதி' என்று அட்டையில் எழுதியிருக்கிறதே, அந்த 'நோயற்ற' என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய மனிதரின் ஐந்து வருட உழைப்பு இருக்கிறது.

1860-களில் பிரான்ஸ் தேசத்தில் பட்டுப்புழுக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. புழுவின் உடம்பில் மிளகுப்பொடி தூவினாற்போலக் கறுப்புப் புள்ளிகள் வரும். பெப்ரின் என்று அந்த நோய்க்குப் பெயர். தென் பிரான்சில் பட்டை நம்பிய குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. இதை ஆராய 1865-ல் லூயி பாஸ்டர் அனுப்பப்பட்டார். வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி கண்டாரே, அதே பாஸ்டர்தான். அதுவரை அவர் பட்டுக்கூட்டைக் கையால் தொட்டவர்கூட இல்லை. பூச்சி விஞ்ஞானி ஃபேபரைப் பார்க்கப் போனபோது கூட்டைக் காதருகே வைத்துக் குலுக்கி, 'உள்ளே ஏதோ இருக்கிறதே!' என்று வியந்தாராம். ஃபேபரே இதை எழுதிவைத்திருக்கிறார். இப்படி ஒன்றும் தெரியாமல் வந்தவர்தான் உலகப் பட்டுத் தொழிலைக் காப்பாற்றினார்.

அவர் கண்ட வழி எளியது. ஒவ்வொரு தாய்ப்பூச்சியையும் தனித்தனியாக முட்டையிட விடவேண்டும். முட்டையிட்டு முடிந்ததும் அந்தத் தாயை நசுக்கி, ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்க வேண்டும். நோய்க்கிருமி தென்பட்டால் அந்தத் தாயின் முட்டை முழுவதையும் எரித்துவிட வேண்டும். பெப்ரின், தாயிடமிருந்து முட்டை வழியே பிள்ளைக்கு வரும் நோய். ஆகவே தாயைப் பரிசோதித்தால் பிள்ளையைப் பரிசோதித்த மாதிரி. ஆராய்ச்சியின் நடுவே 1868-ல் பாஸ்டருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் சோர்ந்தது. அப்போதும் அவர் வேலையை விடவில்லை. நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் நம் ஊர் வித்தகங்களில் இன்றும் நடப்பது இதே தாய்ப்பூச்சிப் பரிசோதனைதான். பெப்ரினுக்கு மருந்து கிடையாது. ஆகவே அங்கீகாரம் பெற்ற வித்தகத்து முட்டையை விட்டு, பக்கத்து வீட்டுக்காரர் மலிவாகத் தருகிறார் என்று வாங்குவது பணத்தை மிச்சம் பிடிக்கும் வழி ஆகாது.

சொந்தக் கூட்டிலிருந்தே பூச்சி எடுத்து முட்டை விட்டுக்கொண்டால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. கலப்பினப் பருத்தியில் விதை எடுத்து மறுபடி விதைத்தால் என்ன ஆகும் என்பது அவர்களுக்கே தெரியும். பட்டுப்புழுவும் அதே கதைதான். இரண்டு வேறு இனங்களைச் சேர்த்தால் முதல் தலைமுறை மட்டும் இரு பெற்றோரையும் மிஞ்சும். அடுத்த தலைமுறையில் அந்த வீரியம் கலைந்துவிடும். ஜப்பானியரான தொயாமா 1906-ல் இந்தக் கலப்பு வீரியத்தைப் பட்டு விவசாயத்துக்குப் பயன்படுத்தலாம் என்று எடுத்துச் சொன்னார். அமெரிக்காவில் வீரிய ஒட்டு மக்காச்சோளம் பரவியது 1930-களில். அதற்கு முன்பே ஜப்பானிய விவசாயிகள் வீரிய ஒட்டுப் பட்டுப்புழுவை வளர்க்கத் தொடங்கிவிட்டார்கள்!

குளிர்நாட்டு வெண்கூடு இனங்களில் இன்னொரு விசித்திரம். பைவோல்டின் எனப்படும் இவை ஆண்டுக்கு இரண்டே தலைமுறை காணும். பிறகு முட்டை நிலையிலேயே குளிர்காலம் முழுதும் தூங்கும். நம் ஊரில் ஆண்டுக்கு ஐந்தாறு முறை வளர்க்க வேண்டியவருக்கு இந்தத் தூக்கம் கட்டுப்படியாகுமா? ஒரு நாள்கூட ஆகாத இளம் முட்டைகளைச் சூடான, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிஷங்கள் முக்கி எடுக்கிறார்கள். முட்டை தூங்காமல் பத்துப் பதினோரு நாளில் பொரித்துவிடுகிறது. அமிலத்தில் முக்கினால் முட்டை சாகாதோ என்று கேட்கத் தோன்றும். சூடும் நேரமும் கொஞ்சம் தப்பினால் செத்துத்தான் போகும். அதனால்தான் இது வித்தகத்து வேலையாக இருக்கிறது.

பதினாயிரம் மடங்கு

முட்டையிலிருந்து வரும் புழு எறும்பைவிடச் சிறியது. இருபத்தைந்து நாளில், நான்கு முறை தோல் உரித்து, அதன் எடை ஏறக்குறைய பதினாயிரம் மடங்கு ஆகிறது. ஒரு கன்றுக்குட்டி 20 கிலோவாகப் பிறந்து இதே கணக்கில் வளர்ந்தால், ஒரு மாதம் முடியுமுன் 200 டன் எடையுடன் கொட்டகையில் நிற்கும். வைக்கோலுக்கு எங்கே போவது!

புழு தின்னும் மொத்த இலையில் 85 சதவிகிதம் போல ஐந்தாம் பருவத்தில், அதாவது கடைசி ஏழெட்டு நாளில், தின்னப்படுகிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். முதல் இரண்டு வாரம் புழு தின்பதைப் பார்த்து, இலை நிறைய இருக்கிறது என்று தெம்பாக இருப்பார்கள். கடைசி வாரத்தில் தோட்டம் மொட்டையாகிவிடும். பட்டினி போட்ட புழு மெல்லிய கூடு கட்டும். தோட்டத்தில் உள்ள இலையைக் கணக்கிட்டு அதற்கேற்ற முட்டைத் தொகுதிதான் எடுக்க வேண்டும்.

பட்டு இழை என்பது புரதம். அந்தப் புரதத்தில் ஏறக்குறைய 70 சதவிகிதம் மல்பெரி இலையின் புரதத்திலிருந்து நேராக வருகிறது என்று ஆராய்ந்திருக்கிறார்கள். இலைக்குப் புரதம் எங்கிருந்து வரும்? மண்ணிலுள்ள தழைச்சத்திலிருந்து. ஆக, தொழு உரமும் தழைச்சத்தும் ஊட்டாத மல்பெரித் தோட்டத்தில் பட்டு விளையாது. மைசூர் மத்திய பட்டு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1990-களின் பிற்பகுதியில் வந்த வி-1 ரகம் தடித்த, ஈரமான, பெரிய இலை தருவதால் நம் விவசாயிகளிடம் பரவியது. ஆனால் அதுவும் உரம் கேட்கும் ரகம். நல்ல பாசனமும் வேண்டும். இலையைக் காலையிலோ வெயில் தாழ்ந்த பிறகோ பறிக்கச் சொல்வதும் காரணத்தோடுதான். புழு தனியாகத் தண்ணீர் குடிப்பதில்லை. இலையின் ஈரமே அதற்குத் தண்ணீர்.

மல்பெரிக் காம்பைக் கிள்ளினால் பால் வடியும் அல்லவா? அந்தப் பாலில் சர்க்கரையைப் போலவே வேஷம் போடும் ரசாயனங்கள் இருக்கின்றன என்றும், மற்ற சில புழுக்கள் அந்த இலையைத் தின்றால் அவை சாகின்றன என்றும் ஜப்பானிய விஞ்ஞானிகள் 2006-ல் வெளியிட்டார்கள். பட்டுப்புழு மட்டும் அந்த விஷத்துக்குப் பழகியிருக்கிறது. அதே புழு பூச்சி மருந்தின் வாடையைக்கூடத் தாங்காது. பக்கத்து வயலில் தெளித்த மருந்து காற்றில் வந்து இலையில் படிந்தால் போதும். மனையில் கொசுவர்த்தி கொளுத்தினாலும் ஆபத்துதான். முட்டை எடுக்குமுன் பக்கத்து வயல்காரரிடம் மருந்து அடிக்கும் நாளைக் கேட்டு வைத்துக்கொள்வது செலவில்லாத காப்பு.

கடல் கடந்து வந்த எதிரியும் நண்பனும்

பட்டு விவசாயியின் பகைவர்களில் ஊசி ஈ ஒன்று. 1980-ல் அது வங்காளத்திலிருந்து கர்நாடகத்துக்குள் நுழைந்தது; பிறகு நம் பக்கமும் வந்தது. ஈ புழுவின் மேல் முட்டை வைக்கும். குஞ்சுப் புழு பட்டுப்புழுவுக்குள் புகுந்து தின்று, சில சமயம் கூட்டையும் துளைத்துக்கொண்டு வெளிவரும். துளைபட்ட கூட்டில் இழை துண்டு துண்டாகிவிடும். ஜன்னலுக்கும் கதவுக்கும் நைலான் வலை அடிப்பது முதல் பாதுகாப்பு. ஊசி ஈயின் கூட்டுப்புழுவைத் தேடித் தின்னும் 'நெசோலிங்ஸ்' என்ற குட்டிக் குளவியையும் விடுகிறார்கள்.

இதைவிடப் பெரிய சோதனை 2008-ல் வந்தது. கோயம்புத்தூர்ப் பக்கம் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, ஒன்றிரண்டு ஆண்டுக்குள் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் வெள்ளை மாவாக மூடியது. கொங்கு நாட்டில் மல்பெரித் தோட்டங்கள் கருகின. மருந்து அடித்தால் பூச்சியின் மெழுகுப் பூச்சு காப்பாற்றிவிடும். போதாக்குறைக்கு, மருந்து அடித்த இலையைப் புழுவுக்குப் போடவும் முடியாது. இந்தப் பூச்சி மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்தைச் சேர்ந்தது. அங்கே அதற்கு இயற்கை எதிரிகள் உண்டு, இங்கே இல்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளைப் பெங்களூர் ஆராய்ச்சி நிலையம் வரவழைத்தது. அவற்றில் 'அசிரோபேகஸ்' என்பது கடுகைவிடச் சிறியது. மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு, உள்ளிருந்தே தின்று தீர்ப்பது அதன் குணம். பெருக்கி விடப்பட்ட சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. கொட்டாத, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு குளவி, பல கோடி ரூபாய் மருந்தால் ஆகாததைச் செய்தது. சமீப காலத்து விவசாய விஞ்ஞானத்தில் இதற்கு இணையான வெற்றி அதிகம் இல்லை.

கூடு கட்டும் மூன்று நாள்

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். முதிர்ந்த புழு இலை தின்பதை நிறுத்தி, உடம்பு கண்ணாடிபோல் மினுமினுத்து, தலையைத் தூக்கி இடம் தேடும். அதைப் பொறுக்கிச் சந்திரிகையிலோ பிளாஸ்டிக் வலையிலோ விடுகிறார்கள். புழுவின் வாயருகே உள்ள துவாரத்திலிருந்து பசையான திரவம் வரும். புழு அதைப் பிதுக்கித் தள்ளுவதில்லை. நுனியை ஓரிடத்தில் ஒட்டிவிட்டுத் தலையை எட்டு எழுத்துப்போல் ஆட்டி ஆட்டி இழுக்கிறது. இழுபடும்போதுதான் திரவம் கெட்டிப்பட்டு இழையாகிறது. இரண்டு மூன்று நாள் விடாமல் இப்படித் தலையாட்டி, ஒரே இழையாக, நல்ல வெண்கூட்டில் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் சுற்றிவிடுகிறது.

அந்த இழை உண்மையில் இரட்டை இழை. உள்ளே ஃபைப்ராயின் என்ற உறுதியான புரதம் இரண்டு நார்களாக. மேலே செரிசின் என்ற பசை. உள் நார் உருண்டையாக இராது, முக்கோண வடிவம். முப்பட்டகக் கண்ணாடிபோல் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால்தான் பட்டுக்கு அந்த மினுமினுப்பு.

கூடு கட்டும் சமயத்தில் புழு உடம்பிலுள்ள நீரை நிறைய வெளியேற்றும். நூறு முட்டைத் தொகுதிப் புழுக்கள் என்றால் சுமார் நாற்பதாயிரம் புழுக்கள். அவை விடும் ஈரம் குடம் குடமாக இருக்கும். மனை மூடிக் கிடந்தால் அந்த ஈரம் கூட்டிலேயே தங்கும். செரிசின் பசை மெள்ள மெள்ள உலர்ந்து, இழையோடு இழை இறுக ஒட்டிக்கொள்ளும். பார்வைக்குக் கூடு நன்றாகவே இருக்கும், எடையும் குறையாது. நூற்பு ஆலையில் வெந்நீரில் போட்டு இழுக்கும்போதுதான் வினை தெரியும். ஒட்டின இடத்திலெல்லாம் இழை அறும், முடிச்சு விழும், மேடு பள்ளமான நூல் வரும். அந்த நூல்தான் காஞ்சிபுரத்துத் தறியில் நெசவாளியைக் குனிய வைக்கிறது.

ஆகவே கூடு கட்டும் மூன்று நாளும் மனையில் 24, 25 டிகிரி உஷ்ணமும் 60 முதல் 70 சதவிகித ஈரப்பதமும் இருக்க வேண்டும் என்கிறார்கள். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். சந்திரிகையில் நெருக்கடி கூடாது. சிறுநீர் வடிய அடியில் காகிதம் போட்டு மாற்ற வேண்டும். சாக்கிப் புழுவுக்கு 85 சதவிகிதத்துக்கு மேல் ஈரப்பதம் வேண்டும் என்று மனையை மூடி மூடி வைத்துப் பழகிய கை, கடைசியிலும் அப்படியே மூடிவிடுவது பலர் செய்வது. குழந்தைக்குச் செய்த பக்குவத்தைக் கிழவனுக்கும் செய்தால் எப்படி? கூட்டைப் பறிப்பதிலும் அவசரம் ஆகாது. மஞ்சள் கூட்டை ஐந்தாறு நாளிலும் வெண்கூட்டை ஏழாம் நாளிலும் எடுப்பது முறை. முன்கூட்டி எடுத்தால் உள்ளேயிருக்கும் இளம் கூட்டுப்புழு நசுங்கிக் கறை படியும். அந்தக் கூடு சந்தையில் கழிவுக்குப் போகும்.

உலகத்தில் சீனாவுக்கு அடுத்து அதிகப் பட்டு விளைவிப்பது நம் தேசம். அப்படியிருந்தும் பல்லாண்டுகளாகச் சீனப் பட்டு இங்கே இறக்குமதியாகி வந்திருக்கிறது. விலை ஒரு காரணம். அறாத, சமமான நூல் என்பது அதைவிடப் பெரிய காரணம். பாவுக்கு அப்படிப்பட்ட நூல்தான் வேண்டும். 1990-களில் ஜப்பான் உதவியுடன் மைசூரில் புதிய வெண்கூடு இனங்களை உருவாக்கியதும் இந்தக் குறையைத் தீர்க்கத்தான். இனம் நல்லதாக இருந்தாலும் மூன்று நாள் காற்று கெட்டால் நூல் கெடும்.

குமரி முதல் காஷ்மீர் வரை

ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு ஏறக்குறைய ஆறு முதல் எட்டுக் கிலோ கூடு வேண்டும். நாலாயிரம் கூடு என்று வைத்துக்கொள்ளலாம். நாலாயிரம் கூட்டின் இழையையும் ஒன்றன்பின் ஒன்றாக முடிந்தால் மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் தாண்டும். இந்தியாவின் வடகோடிக்கும் தென்கோடிக்கும் இடைவெளி 3,214 கிலோமீட்டர்தான்!

ஒற்றை இழையை நெய்ய முடியாது. எட்டொன்பது கூட்டின் இழைகளைச் சேர்த்து இழுத்து ஒரு நூல் ஆக்குகிறார்கள். நூலின் பருமனை டெனியர் என்று அளப்பார்கள். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் நிற்கிறதோ அதுவே அதன் டெனியர். 20, 22 டெனியர் என்று சந்தையில் சொல்லும் நூல், ஒன்பது கிலோமீட்டர் நீளத்துக்கு 22 கிராமுக்கு மேல் நிற்காது.

பிறகு சாயத்துக்கு முன் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் செரிசின் பசையை நீக்குவார்கள். எடையில் ஏறக்குறைய கால் பங்கு இங்கே கரைந்து போகும். காஞ்சிபுரத்துப் பட்டின் பளபளப்புக்குப் பாலாற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று ஊரில் சொல்லுவார்கள். இதில் ரசாயனக் காரணம் இருக்க இடமுண்டு. சுண்ணாம்பு உப்பு மிகுந்த நீரில் சோப்பு நுரைக்காமல் அழுக்காகத் திரிந்து பட்டின்மேல் படியும். மென்னீரில் அப்படி ஆகாது. கிணற்று நீரின் உப்பு பயிருக்கு மட்டும் பகை இல்லை என்று இதிலிருந்து தெரிகிறது.

ஒரு சாயம், ஒரு பயிரின் கதை

1856-ல் லண்டனில் பெர்க்கின் என்ற 18 வயதுப் பையன் மலேரியாவுக்கு மருந்தான குவினைனைத் தாரிலிருந்து செய்ய முயன்றான். மருந்து வரவில்லை, கறுப்பான ஒரு மண்டி வந்தது. அதைக் கழுவினால் ஊதாச் சாயம்! அவன் தோய்த்துப் பார்த்த துணி பட்டுத்துணி. செயற்கைச் சாயத் தொழில் பிறந்தது அன்றுதான்.

இதில் விவசாயிகள் கவனிக்க வேண்டியது அதன் பின்கதை. நீலச் சாயத்துக்கு அவுரியைத்தான் உலகம் நம்பியிருந்தது. இந்தியாவில் லட்சக்கணக்கான ஏக்கரில் அவுரி விளைந்தது. தமிழ்நாட்டிலும் தென்னார்க்காட்டுப் பக்கம் அவுரிச் சாகுபடி உண்டு. 1897-ல் ஜெர்மானியக் கம்பெனி ஒன்று செயற்கை நீலத்தை விற்பனைக்கு விட்டது. இருபது ஆண்டுக்குள் அவுரி ஏக்கர் கணக்கு மளமளவென்று சரிந்தது. முதல் உலக யுத்தத்தில் ஜெர்மன் சாயம் வராமல் போனபோது கொஞ்ச காலம் உயிர் பெற்றது. யுத்தம் முடிந்ததும் மறுபடி வீழ்ந்தது. பீகாரின் சம்பாரணில் 20 பங்கு நிலத்தில் 3 பங்கில் அவுரி போட்டே தீரவேண்டும் என்று தோட்டத் துரைமார் குடியானவர்களைக் கட்டாயப்படுத்தி வந்தார்கள். அவுரி விலை போகாமல் ஆனதும், அந்தக் கட்டாயத்திலிருந்து விடுவிக்கிறோம் என்று சொல்லிக் குத்தகையை உயர்த்தினார்கள். 1917-ல் காந்தியடிகள் அங்கே போனது அந்த அநியாயத்தை விசாரிக்கத்தான். ஜெர்மன் சோதனைச்சாலையில் ஒரு குடுவைக்குள் நடந்த மாற்றம், பீகார்க் குடியானவனின் வயிற்றில் அடித்தது.

ஜரிகையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அசல் ஜரிகையின் நடுவில் சிவப்புப் பட்டு நூல் இருக்கும்; அதன்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பி சுற்றி, மின்சார முறையில் தங்க முலாம் ஏற்றுவார்கள். ஒரு கிராம் தங்கத்தை இரண்டு கிலோமீட்டருக்கு மேல் கம்பியாக இழுக்கலாம் என்பதால்தான் இவ்வளவு குறைந்த தங்கம் இவ்வளவு மின்னுகிறது. காஞ்சிபுரத்தில் 1971-ல் தமிழ்நாடு ஜரிகை நிறுவனம் தொடங்கப்பட்டது. ஜரிகையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை நூல் தெரிகிறதா, சிவப்பு நூல் தெரிகிறதா என்பது பழைய சோதனை. இப்போது எக்ஸ் கதிர் இயந்திரம் சுரண்டாமலே வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று சொல்லிவிடுகிறது. பட்டையும் சோதிக்கலாம். இரண்டு இழையை உருவிக் கொளுத்தினால் மயிர் கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடியாகும். உருகிக் கெட்டியான மணிபோல் நின்றால் அது பட்டே இல்லை. புரதத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் உள்ள வித்தியாசம் அது.

துளை போட்ட அட்டை

காஞ்சிபுரத்துத் தறியின் மேலே மாலைபோல் கோத்த அட்டைகள் தொங்கும். ஒவ்வொரு அட்டையிலும் துளைகள். துளை இருக்கும் இடத்தில் ஊசி நுழையும், இழை உயரும். துளை இல்லாத இடத்தில் உயராது. இப்படித்தான் அன்னமும் யாளியும் சேலையில் வருகின்றன. பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார்டு 1804-ல் இதைச் செய்தார். 'துளை உண்டு, துளை இல்லை' என்ற இரண்டே சொல்லால் எதையும் எழுதிவிடலாம் என்பதுதான் இதன் ரகசியம். இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தம் கணக்கு இயந்திரத்துக்கு இதே அட்டையை எடுத்துக்கொண்டார். அந்த இயந்திரம் கட்டி முடியவில்லை. 1890-ல் அமெரிக்காவில் ஹாலரித் துளை அட்டைகளை வைத்து ஜனத்தொகையைக் கணக்கெடுத்தார். அவருடைய கம்பெனி மற்றவற்றோடு சேர்ந்து, பின்னர் ஐ.பி.எம். என்று பெயர் பெற்றது. கம்ப்யூட்டருக்குத் தாத்தா தறி என்றால் மிகையில்லை. அதே கம்ப்யூட்டர் இப்போது காஞ்சிபுரத்தில் சேலைக் கரைக்குக் கோலம் போட்டுத் தருகிறது.

பூச்சி விட்ட தூது

பட்டுக்கூட்டிலிருந்து வெளிவரும் அந்துப்பூச்சி பறக்காது, எதையும் தின்னாது, சில நாளில் சாகும். ஐயாயிரம் ஆண்டு மனிதன் கையில் வளர்ந்ததால் காட்டில் விட்டால் பிழைக்கவே தெரியாத பிராணி. ஆனால் பெண் பூச்சி ஒன்று அசையாமல் உட்கார்ந்திருந்தாலும், ஆண் பூச்சி சிறகைப் படபடவென்று அடித்துக்கொண்டு அதைத் தேடி வரும். எதை வைத்து? ஜெர்மானிய விஞ்ஞானி புட்டெனாண்ட் சுமார் 20 வருஷம் இதைத் துருவினார். ஐந்து லட்சம் பெண் பட்டுப்பூச்சிகளின் சுரப்பிகளிலிருந்து சில மில்லிகிராம் வாசனைப் பொருளைப் பிரித்து, 1959-ல் அதன் ரசாயன அமைப்பை வெளியிட்டார். 'பாம்பிகால்' என்று பெயர். பூச்சிகளின் இனக்கவர்ச்சிப் பொருள்களில் உலகம் முதலில் அறிந்தது அதுதான்.

அதைத் தொடர்ந்து பல பூச்சிகளின் வாசனைகள் கண்டுபிடிக்கப்பட்டன. இன்று கத்திரித் தோட்டத்தில் குருத்துத் துளைப்பானுக்கும், பருத்தியில் காய்ப்புழுவுக்கும் தொங்கவிடும் இனக்கவர்ச்சிப் பொறி அந்த ஆராய்ச்சியின் வாரிசுதான். தென்னையில் காண்டாமிருக வண்டுக்கும் சிவப்புக் கூன்வண்டுக்கும் வைக்கும் வாளிப் பொறியில் இருப்பது, ஆண் பெண் இரண்டையுமே கூப்பிடும் வேறொரு வாசனை. கத்திரிக்கு ஏக்கருக்கு ஐந்து பொறி போதும். செடியின் உச்சிக்குச் சற்று மேலே தொங்க வேண்டும். செடி உயர உயரப் பொறியையும் உயர்த்த வேண்டும். வாசனைக் குப்பியை மூன்று நாலு வாரத்துக்கு ஒரு முறை மாற்றாவிட்டால், பொறி தொங்கும், பூச்சி வராது.